பத்திரம் வீட்டுக் கார்

காஞ்சிபுரத்தில் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு, ஊருக்குள் எல்லா இடத்துக்கும் நடந்தே போன மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எதற்கெடுத்தாலும் “பத்திரம்பா, பத்திரம்” என்பார். அதனால் அவர் பத்திரம். மாடிப்படி ஏறுகிறவனுக்கும் பத்திரம், மோர் குடிக்கிறவனுக்கும் பத்திரம். ஒருமுறை கல்யாண வீட்டில் தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையைப் பார்த்தும் அதையே சொல்லி, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தொழில், பட்டு நூலுக்குச் சாயம் போடுவது. வீட்டுக் கொல்லையில்தான் பட்டறை. எந்நேரமும் அண்டாவுக்குள் கை இருந்ததால், முழங்கை வரை ஒரு வாரம் அரக்கு, ஒரு வாரம் பச்சை. அவர் கையைப் பார்த்தே ஊரில் எந்த நிறப் புடவைக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாம். நான் அப்போது தந்தி ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமாகாதவன். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். என்னைத் “தந்தி சார்” என்பார். காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, “கெட்ட தந்தி எதுவும் வராம பாத்துக்கோங்க சார்” என்று சொல்லி அனுப்புவார், ஏதோ அதெல்லாம் என் கையில் இருப்பதுபோல.

அறுபதுகளில் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர் பதிவு செய்தபோது மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வண்டி வந்தபோது மகள் ஆரணியில் இரண்டாவது பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். அவர் காதில் விழுந்தால், “ஏன் சார் ஊருக்கெல்லாம் சொல்றீங்க, கண்ணு பட்டுடும்” என்பார். பால் நிறம், நாலு கதவு. அவ்வளவு போதும்.

முதல் நாளே தகராறு. கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். இவர் குனிந்து பழத்தை எடுத்துவிட்டார்.

“புளிப்பு ரப்பரைத் தின்னுடும் சாமி.”

“நசுக்கினாத்தான்யா திருஷ்டி போகும்” என்றார் குருக்கள்.

“ஓரமா வெச்சிக் கையால நசுக்கிடறேன். பத்திரமா.”

அப்படியே நசுக்கினார். குருக்கள் தட்சிணையை மடியில் முடிந்துகொண்டே எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வண்டிக்குக் கீற்றுக் கொட்டகை போட்டார். கீற்றிலிருந்து தேள் விழுமே என்று ஓடு வேய்ந்தார். ஓடு உடைந்து விழுமே என்று ஓட்டுக்கு அடியில் பலகை அடித்தார். பலகையில் கரையான் பிடிக்குமே என்று அதற்கு எண்ணெய் பூசினார். எண்ணெய் சொட்டுமே என்று வண்டிக்கு மேல் ஜமுக்காளம் போர்த்தினார். ஜமுக்காளம் உரசினால் பெயிண்ட் போய்விடுமே என்று அதற்கும் அடியில் ஒரு பழைய பட்டுப்புடவை. புடவை அவர் மனைவி கமலம்மாவுடையது.

“எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது சார். இப்ப இந்த வண்டி கட்டிக்கினு நிக்குது” என்றாள் கமலம்மா.

அந்த அம்மாள் ஓரிக்கையில் இருந்த தாய்வீட்டுக்கு ஜட்காவில் போய் வந்தாள். இவர் மகளைப் பார்க்க ஆரணிக்குப் பஸ்ஸில் போனார். “ரோட்ல தூசி சார். ஓட்டினா தேயும்” என்றார் என்னிடம். வைகாசிக் கருட சேவைக்கு வெளியூர்க் கூட்டம் தெருவெல்லாம் நிறைந்தபோது, எவனாவது கொட்டகைக்குள் புகுந்து வண்டிமேல் சாய்ந்துவிடுவானோ என்று பனைவிசிறியும் கையுமாக வாசலிலேயே நின்றார். சாமி பார்க்கப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் வண்டி வெளியே வரும். கையில் சாயம் ஒட்டியிருக்குமே என்று வெள்ளை நூல் கையுறை மாட்டிக்கொள்வார். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும். ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏறுமுன் வாசலில் என் காலைக் கழுவச் சொல்லித் துண்டு கொடுத்தார். உள்ளே உட்கார்ந்த பிறகு, மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியுமே என்று எனக்கே பயமாகிவிட்டது. அவரோடு ஒரு வருஷம் குடியிருந்தால் அந்தப் பயம் யாருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வண்டிக்கு ஒரு எதிரி இருந்தான். எதிர்வீட்டு நெசவாளி துரைசாமி. எங்கள் தெருவுக்கு ஒரே வாய்தான். மறுமுனையில் கோயில் மதில். பாவு போடுகிற நாட்களில், சேலைக்கு நீளவாட்டில் ஓட வேண்டிய பட்டு இழைகளை விடிந்ததும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இடையிடையே மூங்கில்களை நட்டுத் தாங்கவிட்டு, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். காய்ந்து சுருட்டும் வரை சைக்கிள்கூட சுவரோரமாகத்தான் போகும்.

“ஏம்பா துரைசாமி, உன் மூங்கிலு என் கொட்டாயி பக்கம் சாயுதே” என்பார் பத்திரம்.

“அது நிக்க வேண்டிய எடத்துலதான் நிக்குது. நீ வண்டிய எடுத்தா என் பாவுல தூசி பறக்குது. அதுக்கு இன்னா சொல்ற?”

“நான் எங்கப்பா எடுத்தேன்?”

“எடுத்துடுவியோன்னு பயந்துக்கினு இருக்கறேன் இல்ல, அது போதாதா?”

மாசி மாதம் ஒரு காலை. எனக்கு அன்று மாலை ஷிப்ட். துரைசாமியின் பாவுதான் தெருவில் கட்டியிருந்தது. கஞ்சி தடவி ஈரமாக இருந்த நேரத்தில், அவன் வீட்டுக்குள்ளிருந்து பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா வேகமாக வெளியே வந்தார். அவன் மனைவி வள்ளிக்கு விடியற்காலையிலிருந்தே வலி.

“கொழந்த குறுக்கால இருக்குது. இங்க நான் ஒண்ணும் பண்ண முடியாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போவணும்” என்றார்.

டாக்சி பார்க்க ஒருவன் ஓடினான். அன்று நல்ல முகூர்த்த நாள். இருந்த டாக்சியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தன. உள்ளே வள்ளி கத்துவது தெருவுக்கே கேட்டது. நாங்கள் எல்லோரும் கொட்டகையைப் பார்த்தோம். துரைசாமி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை.

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து பத்திரம் வந்தார். இரண்டு கையிலும் அரக்குச் சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா சொன்னதைக் கேட்டார். நேரே கொட்டகைக்குள் போய்ப் போர்வைகளை இழுத்துத் தரையில் போட்டார். கமலம்மாவின் கல்யாணப் புடவை காலடியில் கிடந்தது.

“ஏத்துங்கப்பா” என்றார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தெருவை அடைத்துக்கொண்டு பாவு நிற்கிறது. ஈரத்தோடு சுருட்டினால் இழையெல்லாம் ஒட்டி வீணாகும். துரைசாமி வீட்டுக்குள் ஓடி அரிவாளோடு வந்தான்.

“அறுத்துடறேன். வழி விட்டுடறேன்.”

பத்திரம் குறுக்கே போய் நின்றார். “அறுக்காதடா. அதுல நீ எத்தனை மாசம் சோறு துன்னணும். தூக்கச் சொல்லு. அடியில பூந்து போறேன்.”

“மூங்கிலு வண்டியில கிழிச்சிடும்.”

“கிழிச்சிட்டுப் போவுது.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கவலை வந்தது.

முளையில் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி, நட்ட மூங்கில்களைச் சுவரோரம் சாய்த்தார்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து, பாவுக்குக் குறுக்கே கிடந்த கோல்களை இரண்டு பக்கமும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். ஆணும் பெண்ணும் வயிற்றை எக்கிச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க, அந்தப் பட்டுப் பந்தலுக்கு அடியில் வண்டி ஊர்ந்தது. கஞ்சி கூரைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. இடதுபக்கக் கதவில் மூங்கில் ஒன்று கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போன சத்தம் கேட்டது. துணைக்கு முன் சீட்டில் ஏறியிருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.

பின்சீட்டில் வள்ளி, நர்ஸம்மா, துரைசாமி. யாரும் கால் கழுவவில்லை. ஊரைத் தாண்டியதும் வண்டி வெள்ளிக்கிழமை வேகத்துக்கு வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே வேகம்தான். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

“ஐயா, இந்த வேகத்துல போனா கொழந்த தானா எறங்கி நடந்துடும்” என்றார் நர்ஸம்மா.

“எனக்கு இதுக்கு மேல தெரியாதும்மா.”

“காலை அமுத்துங்க, வரும்.”

அமுக்கினார். வண்டி பாய்ந்தது. அவரே பயந்து, “பத்திரம், பத்திரம்” என்று கத்திக்கொண்டே ஓட்டினார். மாட்டுவண்டிக்காரன் மிரண்டு வயலோரம் ஒதுங்கினான். வாலாஜாபாத்தில் ரயில் கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற வழியாக இல்லை. பத்திரம் இறங்கித் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளாடு ஒன்று வந்து வண்டியின் முன்பக்கத்தில் முதுகைத் தேய்த்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி பம்பர்மேல் வைத்தது. அவர் அதைப் பார்த்தார். ஆனால் ஆடு என்று அவர் மண்டையில் ஏறவில்லை. கேட்காரரிடம் போய், “உள்ள ஒரு பொண்ணு கஷ்டப்படுதுங்க” என்றார். கேட்காரர் மட்டும் என்ன செய்வார், பாவம். ரயில் போன பிறகுதான் கேட் திறந்தது.

செங்கல்பட்டில் வள்ளியை உள்ளே கொண்டுபோனார்கள். துரைசாமி சுவரோரம் குந்திக்கொண்டான். பத்திரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள்மேல் கையை வைத்தார். வியர்த்த கையின் ஐந்து விரலும் சட்டையில் அரக்காகப் பதிந்தன.

மதியத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்துக்கொண்டாள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அதைக் கேட்டதும், அதுவரை திடமாக இருந்த பத்திரம் வெளியே போய் வண்டிமேலேயே சாய்ந்துகொண்டார். அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், வண்டிக்குள் எங்கே பார்த்தாலும் அரக்குக் கை. ஸ்டியரிங்கில், கதவில், பால் நிற சீட்டில். கமலம்மா சீயக்காயும் வெந்நீருமாக வந்து தேய்த்தாள். போகவில்லை. பத்திரம் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“வுடும்மா. நான் போட்ட சாயம், போவாது. போச்சின்னா எனக்குத்தான் அசிங்கம்.”

குழந்தையைப் பஸ்ஸில் கூட்டிவரக் கூடாது என்று அவரே போய் அழைத்து வந்தார். காலையில் செங்கல்பட்டில் கிளம்பிய வண்டி விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவில் நுழைந்தது. வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி இறங்கிப் பார்த்தாராம். “பாதி தூரம் நானே நடந்து வந்தேன் சார்” என்றான் துரைசாமி. அடுத்த பாவு போட்ட நாளில் இருவரும் வழக்கம்போல மூங்கிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த சண்டைகளுக்கு நடுவே அந்தக் குழந்தை பத்திரத்தின் இடுப்பில் இருக்கும்.

எனக்கு மாற்றல் வந்து ஊரை விட்டுப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், வேறு வேறு ஊர்கள் என்று காலம் ஓடிவிட்டது. ரிடையர் ஆன பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போனவன், அந்தத் தெருவுக்கும் போனேன். வண்டி கொட்டகையில் நின்றது. அதே பளபளப்பு. அதன் ஜோடி வண்டிகள் எல்லாம் எங்கெங்கோ இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தன. இரண்டு இளைஞர்கள் சென்னையிலிருந்து காமிராவோடு வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்திரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிழவராகிவிட்டார். கை மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் கூப்பிட்டார்.

“தந்தி சார், அந்தப் பசங்க இது கிளாசிக்குன்றாங்களே. அப்படின்னா இன்னா?”

“ரொம்பப் பழைய வண்டி, இனிமே கெடைக்காதுன்னு அர்த்தம் ஐயா.”

அவர் முகத்தில் கவலை வந்துவிட்டது. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பழசுன்றாங்களே சார். இப்பதானே வாங்கினேன்.”

“ஆமாங்க ஐயா, இப்பதான்” என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.