செருப்பு போட்ட மீட்டர்

நீங்கள் செய்தது பச்சைத் துரோகம், ஐயா. உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது உங்களுக்கு ஓசி விளம்பரம். நான் யாருக்கும் எதையும் ஓசியில் கொடுத்ததில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கடியில் நீந்திப் பார்க்க வருகிறவர்களுக்கு முகமூடி, சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. படகு கழுவி, மூட்டை தூக்கி, நாலு பேரிடம் ஏமாந்து வந்தவன் நான். கற்றது ஒரே பாடம்: சொன்ன விலைக்கு எதையும் வாங்காதே. இருபது வருஷத்தில் ஓர் ஆணிகூட அப்படி வாங்கியதில்லை. வருகிறவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப் போவது என் மனைவி. தண்ணீருக்குள் அவள் ராஜ்ஜியம். கரையில் மட்டும் என் ராஜ்ஜியமா வாழ்கிறது?

சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் வட்ட மீட்டர் ஒன்று குழாய் நுனியில் தொங்கும். தொங்குவது சும்மா இருக்குமா? பாறையில் மோதும், படகில் இடிபடும், சிமெண்டுத் தரையில் இழுபடும். கடைசியில் கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்து, புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிடும். அதற்கு ரப்பர் உறை வாங்கச் சொல்லி மனைவி நச்சரித்தாள். நானும் உறை விற்கிற உங்களிடம் ஒரு மாதம் பேரம் பேசினேன். கெஞ்சினேன். கத்தினேன். போனை வைப்பதுபோல் நடித்தேன். நிஜமாகவும் வைத்தேன். நீங்கள் ஒரு காசு இறங்கவில்லை. கட்டுப்படியாகாது சார் என்று அதே பாட்டு.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. யார் யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்புகள் கடையில் ஒரு மூட்டை கிடந்தன. வெட்டினேன், ஓட்டை போட்டேன், பன்னிரண்டு மீட்டருக்கும் மாட்டினேன். சுத்தியலால் தட்டிக்கூடக் காட்டினேன். கீறல் இல்லை. மனைவி ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சிவப்பு எங்க?"

"எந்தச் சிவப்பு?"

"காத்து தீரப்போகுதுன்னு காட்டற சிவப்புக் கோடு. அதைத்தான் உங்க செருப்பு மூடியிருக்கே."

"முள்ளு தெரியுதுல்ல, அது போதும்."

"முள்ளு செருப்புக்குள்ள போயிட்டா?"

"செருப்பு போடறதே முள்ளுக்குத்தானே."

அவள் சிரிக்கவில்லை. பயிற்சிக் குளத்தில் நானே ஒரு தடவை இறங்கிக் காட்டினால், அப்புறம் ஜென்மத்துக்கும் உறை என்ற பேச்சையே எடுக்க மாட்டேன் என்றாள். இதைவிட மலிவாக எந்த பேரம் படியும்? சம்மதித்தேன். மறுநாள் காலையில் காற்று நிரம்பிய சிலிண்டர் ஒன்றை எடுத்து வைத்தாள். சோதனைக்கு எதற்கு முழு சிலிண்டர் என்று முந்தின நாள் மிச்சத்தை நானே மாட்டிக்கொண்டேன். அவளும் கூடவே இறங்கினாள்.

குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முள் மெல்ல நகர்ந்து செருப்புக்குள் புகுந்தது. முள்ளே தெரியவில்லை, இனி என்ன கவலை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் காற்று நின்றுவிட்டது. இழுத்தேன். வரவில்லை. கையை உதறினேன், காலை உதைத்தேன், அரைக் குளத்தைக் குடித்தேன். அவள் கழுத்துப் பட்டையைப் பிடித்து என்னை நிமிர்த்தி நிறுத்தினாள். தண்ணீர் என் மார்பு வரைக்கும்தான் இருந்தது. கரையில் பயிற்சிக்கு வந்த ஆறு பேர். அதில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டருக்கு உறை, உறைன்னு ஒரு மாசமாச் சொல்றேன். உங்களுக்குத்தான் உறைக்கவே இல்லை," என்றாள்.

சொட்டச் சொட்ட வந்து உங்களுக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன விலைக்கே வாங்குவதாகச் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"உங்க வீட்டு அம்மா நேத்தே வாங்கிட்டாங்களே சார். பாதி விலைக்கு."

எப்படிப் பேசினாள் என்று கேட்டேன். பேசவே இல்லையாம். ஒரு போட்டோ அனுப்பினாளாம். செருப்பு மாட்டிய மீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் காட்டும் போட்டோ. பார்த்ததும் உங்களுக்கு மனசு கேட்கவில்லையாம்.

நேற்றே வாங்கிவிட்டு இன்று எதற்கடி என்னை முக்கினாய் என்று அவளிடம் எகிறினேன். "முக்காம விட்டா உறையை லாபத்துக்கு வித்துட்டு மறுபடி செருப்பை மாட்டிடுவீங்களே," என்றாள். அந்த யோசனை எனக்கு ஒரு நிமிஷம் முன்புதான் வந்திருந்தது.

போகட்டும். ஆனால் அந்த போட்டோவைப் பெரிசாக்கி, 'உறை வாங்காதவர்' என்று எழுதி உங்கள் கடை வாசலில் மாட்டியிருக்கிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? கழற்றுங்கள் என்றால், அம்மா சொல்லட்டும் என்கிறீர்கள். அவளிடம் கேட்காமலா இருப்பேன்? கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். இறங்கி வருவதாக இல்லை. உங்களால் வந்த வினை, நீங்களே தீருங்கள். தயவுசெய்து நீங்களாவது அவளிடம் பேசி, ஏதாவது ஒரு விலைக்கு முடித்துக் கொடுங்கள்.