பைலியின் சாப்பாட்டு மேசை

"இதுல நான் நாலு பேரைத் தூக்கியிருக்கேன்டா பைலி" என்றார் பக்கத்து வீட்டு ஔதச்சன், புது மேசையின் ஓரத்தைத் தடவியபடி.

பைலியின் கையிலிருந்த பஞ்சு அரக்குப் பாலிஷ் கிண்ணத்துக்குள் விழுந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி. மறுநாள் பதினோரு மணிக்கு மகள் லிஜியைப் பெண் பார்க்கப் பாலா ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

"எதுல தூக்கினீங்க?"

"இதுலதான். நம்ம மாதா கோயிலோட பழைய சவமஞ்சம்டா இது! அவனவன் சொந்தமாப் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி, ஊர்ல யார் செத்தாலும் இதுல படுக்க வச்சுத்தானே கல்லறைக்குக் கொண்டு போவோம்? நம்ம கொச்சுத்ரேசியா சேடத்தி கிழவி இருந்தாளே, என்னா கனம்! கீழே தடவிப் பாரு, தண்டு சொருகுற காடி ரெண்டு இருக்கும்."

பைலி குனிந்து தடவிப் பார்த்தார். இருந்தது. அந்த இரண்டு காடிகளைத்தான் மூன்று வாரமாக "அந்தக் காலத்து ஆசாரியோட கைநேர்த்தி" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார்.

தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஓட்டுவது பைலியின் உத்தியோகம். பழைய மரம் பொறுக்குவது அவருடைய வியாதி. எங்காவது ஒரு வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. உடைந்த வள்ளம் அவர் கையில் அலமாரியானது. யாரோ எறிந்த பலாமரக் கதவு செருப்பு வைக்கும் தட்டானது. கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காலி செய்தபோது, கரியும் வௌவால் எச்சமும் அப்பிக் கிடந்த இந்தப் பலகையை, "எடுத்துட்டுப் போங்க, எனக்கு இடம் காலியானாப் போதும்" என்று கப்யார் கொடுத்துவிட்டார். அவர் கோயிலில் மணியடிக்க வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவருக்கு என்ன தெரியும்?

ஆணி பிடுங்கி, இழைப்புளி போட்டு, மூன்று தினுசு உப்புத்தாளால் தேய்த்ததும் உள்ளேயிருந்து தேன் நிறத்தில் ஆஞ்சிலி மரம் எட்டிப் பார்த்தது. பைலிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வரன்களை லிஜி தட்டிக் கழித்திருந்தாள். பத்தாவதாக வந்த ரெஜியின் போட்டோவைப் பார்த்துத்தான் "சரி, வரச் சொல்லுங்க" என்று வாய் திறந்தாள். "பையன் வீட்டுக்கு மரத்தொழில். ஆஸ்பத்திரிக்கு நேரெதிர்ல சொந்தக் கடை. வருஷம் முழுக்க ஓடுற வியாபாரம்" என்றிருந்தார் தரகர். மரம் தெரிந்த சம்பந்தி! அவர் அசந்து போகிற மாதிரி ஒரு மேசை வேண்டாமா?

"ஔதச்சா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இது யாருக்கும் தெரியக்கூடாது."

"நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்?" என்று போனார் ஔதச்சன். பெண்டாட்டி ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னார். அந்த அம்மாள் குசுகுசுவென்று பேசினாலே மூன்று வீட்டுக் கோழிகள் கூண்டுக்குத் திரும்பும்.

ஐந்தே நிமிஷத்தில் பைலியின் மனைவி ஏலிக்குட்டி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏ மனுஷா! என் பொண்ணைப் பார்க்க வர்றவங்களுக்கு நான் இதுலயா பாலப்பம் வைக்கணும்?"

"மெதுவாப் பேசு ஏலி. அழுக்கையெல்லாம் கால் அங்குலத்துக்கு இழைச்சுத் தள்ளியாச்சு."

"அழுக்கை இழைச்சீங்க. செத்தவங்களை இழைச்சீங்களா? போங்க, பழைய மேசையைக் கொண்டு வாங்க."

பழைய மேசையைப் போன வாரம்தான் மைத்துனனுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்திருந்தார் பைலி. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். மேசை கோழிக் கூண்டில் இருந்தது. மைத்துனன் அதன் கால்களை முழங்கால் உயரத்துக்கு அறுத்து, மேலே உமி பரப்பி வைத்திருந்தான். பதினோரு கோழிகள் அதில் அடை உட்கார்ந்திருந்தன.

"என்ன அளியா, முட்டை வேணுமா?" என்று கேட்டான் மைத்துனன்.

வெறுங்கையோடு திரும்பினால், வீட்டில் ஏலிக்குட்டி வேறொரு வழி கண்டுபிடித்திருந்தாள். கப்யாரிடம் ஆளனுப்பி ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கி, மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஜெபம் சொல்லிக்கொண்டே ஊற்றி முடித்திருந்தாள்.

"ஐயோ! காயாத பாலிஷ்ல தண்ணியா!"

"தண்ணி இல்லை, தீர்த்தம்."

தீர்த்தமானாலும் அரக்குப் பாலிஷுக்குத் தண்ணீர்தான். அன்று சாயங்காலத்துக்குள் மேசை நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கறை பூத்தது. மேலே உருண்டையாக, பிறகு இரண்டு பக்கமும் அகன்று, கீழே போகப் போக ஒடுங்கியது. தலை, தோள், கால். மல்லாந்து படுத்த ஓர் ஆள்.

ஏலிக்குட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது கொச்சுத்ரேசியா சேடத்தியேதான்" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த ஔதச்சன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

இனி தேய்த்துப் பூசி உலர்த்த நேரமில்லை. மூடுவது ஒன்றுதான் வழி. அத்தனை நீளத்துக்கு வீட்டில் ஒரேயொரு வெள்ளை வேட்டிதான் இருந்தது. அதை விரித்ததும் லிஜி வந்து பார்த்தாள்.

"தலைமாட்டுல ரெண்டு மெழுகுவர்த்தி வச்சுட்டா முடிஞ்சது அப்பச்சா. ஊருக்கே சொல்லிவிடலாம்" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "இந்த ஒரு தடவை மட்டும் கெட்டுப் போகாம பாத்துக்குங்க அப்பச்சா."

பைலி வேட்டியைச் சுருட்டி எறிந்துவிட்டு, பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து போர்த்தினார்.

மறுநாள் சரியாகப் பதினோரு மணிக்குக் கார் வந்தது. பையன் ரெஜி, அவனுடைய அப்பா கோரா, அம்மா சோசம்மா. மூன்று பேருக்குமே நெற்றியில் வியர்வை. வெயில்தான் காரணம் என்று நினைத்தார் பைலி. சோசம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தொழில் எல்லாம் எப்படிப் போகுது?" என்று மரியாதைக்குக் கேட்டார் பைலி.

"கடவுள் கிருபையில... குறைவில்லை" என்றார் கோரா. சோசம்மாவுக்கு இருமல் வந்தது. ரெஜி கூரையைப் பார்த்தான். "உங்க ஊர்ல மழை எப்படி?" என்று கோரா பேச்சை மாற்றினார்.

பாலப்பமும் வாத்துக் கறியும் வந்தன. லிஜி காபி கொண்டு வந்தாள். அவளும் ரெஜியும் ஒருவரையொருவர் பார்த்த நொடியில் பையன் கோப்பையைப் பார்க்காமலே எடுக்க, காபி முழுக்கச் சூரியகாந்தியின் மேல் கொட்டியது.

"விடுங்க, பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்!" என்று பைலியும் ஏலிக்குட்டியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அட, நல்ல மேசை பாழாயிடும்" என்று கோரா தட்டுகளைத் தூக்கி ஏலிக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, விரிப்பை ஒரே இழுப்பில் உருவிவிட்டார்.

கொச்சுத்ரேசியா சேடத்தி மல்லாந்து கிடந்தாள்.

கோராவின் கண் அந்தக் கறையில் நிற்கவில்லை. மரத்துக்குப் போனது. "ஆஞ்சிலி. நூறு வருஷத்து வைரம்" என்று முணுமுணுத்தார். உள்ளங்கையால் ஓரத்தைத் தடவினார். பைலி வேண்டாத புனிதர் இல்லை. கோரா குனிந்து அடிப்பக்கம் கைவிட்டார். முதல் காடி. கை நின்றது. இரண்டாவது காடி. நிமிர்ந்தார்.

"பைலிச்சாயா, இது சவமஞ்சத்துப் பலகை தானே?"

ஏலிக்குட்டி கையில் தட்டுகளோடு சுவரில் சாய்ந்தாள். லிஜி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க தாத்தா வீட்டு..." என்று ஒரு பொய்யை ஆரம்பித்த பைலியால் அதை முடிக்க முடியவில்லை. மகளின் முகம் முன்னால் நின்றது. "ஆமா. கோயில்ல வேண்டாம்னு போட்டது. சத்தியமா எனக்குத் தெரியாது. மரம் நல்லாயிருக்கேன்னு எடுத்துட்டேன். தப்பு என்னோடது. என் பொண்ணு மேல குறை எதுவும் நினைச்சுடாதீங்க."

கோரா மனைவியைப் பார்த்தார். மனைவி மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்கள். கோரா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். முகத்தில் பத்து வயது குறைந்தது.

அதுவரை வாய் திறக்காத சோசம்மா கைப்பையைக் கீழே வைத்தார். ஏலிக்குட்டியின் கையிலிருந்து தன் தட்டை வாங்கி, வெள்ளைக் கறையின் நெஞ்சுக்கு நேரே வைத்து, ஒரு பாலப்பத்தைப் பிய்த்தார்.

"எங்க கடையில விக்கறது சவப்பெட்டின்னு சொன்னதும் ஏழு வீட்டுல காபியைக்கூடத் திருப்பி உள்ளே எடுத்துட்டுப் போயிட்டாங்க, எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் ஜெபம் பண்ணிட்டு வந்தேன், நீங்க எங்களுக்குத் தோதா மேசையே போட்டு வச்சிருக்கீங்களே ஏலிக்குட்டி, இன்னும் ரெண்டு அப்பம் வையுங்க!"