எர்ணாவூரில் நான் ஒத்திகை மனிதன் அல்ல

எர்ணாவூர்

அன்பு மருமகன் முதஸ்ஸிருக்கு, உன் மாமா அத்தாவுல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அதற்குக் காரணம் அல்லாஹ். நீ செய்து கொடுத்த செயலி அல்ல. போனில் பேசினால் நடுவில் வெட்டிவிடுகிறாய், அதனால் கடிதம்.

ஆலைப் பக்கமிருந்து வாயு நாற்றம் வந்தால் யாராவது பொத்தானை அழுத்த வேண்டும், குடியிருப்பில் எல்லார் போனும் அலறி எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்றுதானே செய்தாய்? செவ்வாய்க்கிழமை மதியம் நாற்றம் வந்தது. உன் மாமி ரஹீமுன்னிசாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே அழுத்தினேன். எல்லார் போனிலும் என்ன வந்தது தெரியுமா? 'இது ஒத்திகை. பதற வேண்டாம்.' யாரும் பதறவில்லை. மூன்றாம் மாடி சித்தார்த் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்து, "அதான் ஒத்திகைன்னு போட்டுகீதே பாய், நீங்க இன்னாத்துக்கு பேஜாராவறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில், நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப நான் அடிக்கும் தப்ஸ் மேளத்தை எடுத்து வந்து அடித்தேன். பட்டப்பகலில் சஹரா என்று என்னைத் திட்டுவதற்காக மொத்தக் குடியிருப்பும் கீழே இறங்கி வந்தது. திட்டட்டும், உயிரோடு இருந்துதானே திட்டுகிறார்கள்.

நீ சொன்ன விளக்கம்தான் இன்னும் எரிகிறது. செயலிக்குத் தான் ஓடுவது சோதனைக்கா, நிஜத்துக்கா என்று தெரிய வேண்டுமாம். அதற்கு ஓர் அடையாளம் வைத்தாயாம். சோதனைக் காலத்தில் இங்கிருந்து அழுத்திப் பார்த்தது நான் ஒருவன்தான் என்பதால், அழுத்துவது அத்தாவுல்லா என்றால் அது ஒத்திகையாம். பிறகு அந்த வரியை எடுக்க மறந்துவிட்டாயாம். சரி, மறதி மனித இயல்பு. ஆனால் அதற்கு, "வேற பேர்ல பதிஞ்சுக்கோங்க மாமு" என்கிறாயே, உன் பாட்டனார் ரெண்டு ஆடு அறுத்து வைத்த பெயரடா இது. இந்தப் பெயரில்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். இந்தப் பெயரில்தான் உன் அம்மாவின் நிக்காஹ்வுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதெல்லாம் ஒத்திகையா? நான் மாற மாட்டேன், உன் நிரல் மாறட்டும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரியை நீக்காவிட்டால் பெங்களூருக்கே வந்து உன் ஆபீஸ் வாசலில் தப்ஸ் அடிப்பேன். இதைக் குடியிருப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

உன் ஆயுளும் அறிவும் பெருக துஆ செய்கிறேன். அறிவுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் மாமா,
அத்தாவுல்லா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மறுபடி நாற்றம். இந்த முறை சித்தார்த் முந்திக்கொண்டு அழுத்தினான். எல்லார் போனிலும் 'உண்மையான ஆபத்து, கீழே இறங்கவும்' என்று வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. "பாய் இன்னும் அமுக்கலியே" என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுத்தினேன். 'இது ஒத்திகை' என்று வந்ததுதான் தாமதம், நான் படியில் கால் வைக்குமுன் எல்லோரும் கீழே நின்றார்கள். அந்த வரியைத் தொடாதே.