ஆறாம் பாகத்துக்கு அம்மன் கொடுத்த பூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் தமிழ்வேந்தன் அவர்களுக்கு,

கருமத்தம்பட்டியிலிருந்து அக்ஷயா எழுதுவது. நான் நலம். அப்பா, அம்மா, அத்தை, எட்டுத் தறிகள், எல்லோரும் நலம். தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் பொறுமையின் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

கட்டுரை ஒன்பது நாள் தாமதம். காரணம் கேட்டிருந்தீர்கள். இரண்டே வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

தாங்கள் கேட்டது எளிய காரியம். ‘கசேமிச்சி’ என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசை. முப்பது ஆண்டுகள், ஒன்பது பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தபால்காரர், ஒரு மலை, ஒரு பை நிறையக் கடிதங்கள். மலையைக் கடந்து கடிதங்களைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ஒன்பது பாகங்களையும் தரவரிசைப்படுத்தி ‘எட்டாம் விசை’ இதழுக்கு அனுப்பச் சொன்னீர்கள். அச்சில் என் பெயர் வரப்போகும் முதல் கட்டுரை. மூன்று நாளில் முடித்தேன். முதலிடம் மூன்றாம் பாகத்துக்கு. அதில்தான் மழை வருகிறது. பைக்குள் கடிதங்கள் நனைகின்றன, மை கரைகிறது, யாருக்கு எது என்று தெரியாமல் போகிறது. ஒன்பதாமிடம் ஆறாம் பாகத்துக்கு. அதில் தபால்காரருக்குக் கால் முறிந்துவிடும். மலை கிடையாது. பயணம் கிடையாது. தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய பாகம். நானும் இப்படி எழுதினேன்: “இது விளையாட்டு அல்ல. காத்திருப்பு அறை.” அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

என் அப்பா கதிர்வேல் எந்தப் பட்டியலையும் கீழிருந்து படிப்பவர். கரண்ட் பில்லால் வந்த பழக்கம். கட்ட வேண்டியது கடைசி வரியில்தானே இருக்கும். ஆகவே அவர் கண்ணில் முதலில் பட்டது ஒன்பதாமிடம். இதில் என்ன சிக்கல் என்று தாங்கள் கேட்கலாம். சிக்கல், அது அப்பாவின் பாகம். அத்தை மகன் பவன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் விளையாட்டுக் கருவியை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். ஒன்பது பாகங்களும் அதில் இருந்தன. கூலிப் பிரச்சினையில் தறிகள் நின்ற இரண்டு மாதத்தில் அப்பா அதை எடுத்து டீவியில் மாட்டினார். ஏன் ஆறாம் பாகத்தைத் திறந்தார் என்று தெரியாது. திறந்தவர் மூடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். கருவி கணக்கு வைத்திருக்கிறது. நான் ஆடியது இரண்டு மணி நேரம். அதையும் கருவி கணக்கு வைத்திருக்கிறது.

குளித்துவிட்டு வந்தேன். தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை அப்பா கேட்டார்:

“ஏனுங், காப்பி குடிச்சாச்சுங்களா?”

பின்னால் யாரோ விருந்தாளி நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறார். இருபத்தாறு வருடமாக அவருக்கு நான் கண்ணு. ‘வா கண்ணு’, ‘தின்னியா கண்ணு’. இப்போது நான் ‘நீங்க’. தாங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மரியாதை உண்டு, ஆனால் கோபம் ஏற ஏற அது இன்னும் ஏறும். குடியிருப்பவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போதுதான் அவர் ‘சார்’ ஆகிறார். அன்று மாலை, “ஃபேனைச் சித்தெ கொறச்சு வெச்சுக்கலாமுங்களா?” என்றார். இரவுச் சாப்பாட்டில், “ரசம் ஊத்தட்டுங்களா, வேண்டாமுங்களா?” அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு இந்த வெளையாட்டுக் கருமமெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரே ஊட்டுக்குள்ள விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி பேசிட்டிருக்கறது நல்லால்ல” என்றார்.

நான் என் நிலையை விளக்கினேன். விமர்சகருக்குக் குடும்பம் கிடையாது என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “அப்பச் சோறு எத்தன பேருக்கு வெக்கட்டும்?” என்றார்.

இதற்குள் செய்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீடு என்றால் கனகம் அத்தை. பவனின் அம்மா, அப்பாவின் அக்கா. உள்ளே வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஏ அம்மணி, என்ற பாகம் எத்தனாவது?”

அத்தையுடையது நான்காம் பாகம். மலையடிவாரத்தில் ஒரு குளம் உண்டு. தபால்காரர் விரும்பினால் தூண்டில் போடலாம். இரண்டு வருடமாக அத்தை தினமும் பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து மீன் பிடித்துவிட்டுப் போகிறார். இன்றுவரை ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை.

“ஏழாவது, அத்தை” என்றேன்.

“ஏழா! கெண்டையே நாப்பது வகை இருக்குது அதுல.”

“கடிதமே கொடுக்கலையே நீங்க.”

“லெட்டரெல்லாம் இப்ப யாரு கண்ணு படிக்கறாங்க? செல்லுல சொல்லிக்க மாட்டாங்களா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “பொட்டி பவனோடதல்லோ. நான் அதச் சொல்லிக் காட்டல. சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்.”

ஆறாம் நாள் அப்பா ஒரு வழி சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்துச் சொன்னார். “நீங்க சொல்றதும் நாயமாத்தானுங் இருக்குது. என்ற பக்கமும் ஒரு நாயம் இருக்குதுங். அம்மனையே ஒரு பூக் கேட்டுப்போடலாமுங்களா?”

பூக் கேட்பது எங்கள் ஊரில் சாதாரணம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் காரியத்தைச் சொல்லி, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சம்மதம். கல்யாணம், போர் போடுவது, புதுத் தறி இறக்குவது, எல்லாம் இப்படித்தான் முடிவாகும். ஒரு ஜப்பானிய விளையாட்டுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நான் சம்மதித்தேன். ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கலையில் தற்செயலுக்கு இடம் உண்டு என்று எம்.ஏ.வில் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். அது காரணமல்ல. ‘ரசம் ஊத்தட்டுங்களா’தான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலை போனோம். பொட்டலம் கட்டும் வேலை அம்மாவுக்கு. பூசாரி காரியம் என்னவென்று கேட்டார். அப்பா ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார்.

“பாப்பா ஒரு பட்டியல் போட்டிருக்குதுங். அதுல ஒருத்தரு கடைசீல இருக்கறாரு. அவர மேல தூக்கலாமான்னு கேக்கோணும்.”

“ஆளு யாருங்க?”

“தபால்காரருங்க. காலொடஞ்சவரு.”

பூசாரி பரிதாபமாகத் தலையாட்டினார். “காயமானா வேலையில கீழ எறக்கிப்போடறானுக. இது எல்லாப் பக்கமும் நடக்குதுங்க” என்றார். அப்பா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தார்கள். நந்தியாவட்டை. பளிச்சென்று வெள்ளை. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றப் பொட்டலம் யார் காலிலும் பட்டுவிடக் கூடாது என்று அம்மா எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அத்தை முன்னால் வந்து, “அப்படியே நாலாவதுக்கும் ஒரு பூவு” என்றார். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு காரியம்தான் என்று பூசாரி சொல்லிவிட்டார். “நான் தனி ரேஷன் கார்டு” என்றார் அத்தை. பூசாரி திரையை இழுத்து விட்டார்.

ஆக, தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்று அம்மனிடம் யாரும் கேட்கவில்லை. எட்டாமிடமும் தூக்கல்தான். எட்டு என்று எழுதிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் எட்டாமிடம் ஏன் என்று ஒரு பத்தி எழுத வேண்டுமே. நான் ஆடிய இரண்டு மணி நேரத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை. சனிக்கிழமை மதியம் அப்பா டீவி முன்னால் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கருவியின் கைவிசையை என் பக்கம் நீட்டினார்.

“வேணுமுங்களா?”

“நீங்களே ஆடுங்கப்பா. நான் பாக்கறேன்.”

தபால் நிலையம். ஒரு சன்னல். கட்டுப் போட்ட கால் ஸ்டூலின் மேல். ஒருவர் வந்தார். அப்பா ஒரு பொத்தானை அழுத்தினார். தபால்காரர் தலையசைத்தார். அப்பாவும் தலையசைத்தார். “வாங்க, வாங்க” என்றார் டீவியைப் பார்த்து. நான் ஆடியபோது இந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. நேரத்தை வேகமாக ஓட்டும் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். என் சன்னலுக்கு மூன்றாம் நாளிலிருந்து ஆளே வரவில்லை. அதைத்தான் காத்திருப்பு அறை என்று எழுதியிருந்தேன். அப்பாவின் சன்னலில் வரிசை நின்றது. எனக்குக் குழப்பமாக இருந்தது. பையில் ஒரு கடிதமும் மிச்சமில்லை. எல்லாம் எப்போதோ கொடுத்து முடிந்துவிட்டது. விளையாட்டே முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். இருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாட்டுடன் ஒருவர் வந்தார், நின்றார், போனார்.

“இவருக்கு என்ன வேணும்பா?”

“ஒண்ணும் வேண்டாம். இவருக்கு லெட்டரே வராது. ஆனாத் தெனம் வந்துட்டுப் போவாரு.”

“அப்பறம் எதுக்கு வர்றாரு?”

“வரலைன்னு ஒரு ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லோணுமல்லோ கண்ணு.”

கண்ணு என்றதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன். தறிகள் நின்ற அந்த இரண்டு மாதமும் அப்பா தினமும் காலை ஆறு மணிக்குத் தறிக் கொட்டகையைத் திறந்துதான் வைத்திருந்தார். பாவு ஓட்டுகிறவர் வருவார். வேன்காரர் வருவார். வேலை இல்லை என்று இவர் சொல்வார். சரிங்க என்று அவர்கள் போவார்கள். மறுநாளும் வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் டீவியில் அதையே மறுபடி செய்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மாலை ஆறரை வரை உட்கார்ந்திருந்தோம். நடுவில் கைவிசை என் கைக்கு வந்துவிட்டது. மாட்டுக்காரருக்கு நான் தலையசைத்தேன். “வாங்கன்னு சொல்லு” என்றார் அப்பா. சொன்னேன்.

ஆகவே திருத்திய பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பாகம் முதலிடத்தில் அப்படியே இருக்கிறது. ஐந்தாம் பாகம் இரண்டாமிடத்தில். ஆறாம் பாகம் ஒன்பதிலிருந்து மூன்றாமிடத்துக்கு வந்திருக்கிறது. காத்திருப்பு அறை வரியை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது இன்னும் மேலே போகக்கூடியது. ஆனால் முதலிடம் கொடுத்தால் அம்மன் சொன்னதற்காகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விமர்சனத்தில் தெய்வத்துக்கு அஞ்சக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் இரண்டு படி கீழே நிறுத்தியிருக்கிறேன். அந்த இரண்டு படிதான் என் சுதந்திரம். அப்பாவுக்கு மூன்றாமிடமே பெரிய சந்தோஷம். “அம்மன் கண்ணத் தொறந்துட்டா கண்ணு” என்று நேற்றிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார். கீழ்வரிசையில் ஏழாமிடத்துக்கும் ஒன்பதாமிடத்துக்கும் இறங்கிய ஏழு, எட்டாம் பாகங்களுக்காக எங்கள் வீட்டில் பேச யாரும் இல்லை. பாவம்தான்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு எங்கள் அன்பும். தங்கள் இதழ் தங்குதடையின்றி வரவும், அதில் யாரும் எதையும் கீழிருந்து படிக்காமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
க. அக்ஷயா

பி.கு.: உறை ஒட்டுவதற்குப் பசை தேடி அம்மாவின் பையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பொட்டலம் அடியில் கிடந்தது. பிரித்தேன். வாடியிருந்தது. ஆனால் வெள்ளை. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“ஆமா, ரண்டுமே வெள்ளதான் வெச்சேன். சாமிகிட்டச் சொல்லீட்டுத்தான் வெச்சேன்” என்றார்.

“ஏம்மா?”

“ஒரு வாரமா ரண்டு பேரும் மொகத்தத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க. செவப்பு வந்திருந்தா இன்னொரு வாரம் ஆகும். அதுவுமில்லாம, எம்பட நாடகத்துல அந்தப் புள்ளைக்குக் கல்யாணமாயிருச்சாமா. உங்கப்பா கோவத்துல டீவிய உட்டு நவுரல, நான் பாக்கவே இல்ல. டீவி ஒண்ணுதான இருக்குது ஊட்டுல?”

ஆக, அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இனி யாருக்கும் பயந்து இரண்டு படி நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆகவே மேலே உள்ள பட்டியலைத் தள்ளிவிடவும். ஆறாம் பாகம் முதலிடம். மழை இரண்டாமிடத்தில் பெய்யட்டும். அப்பாவிடம் இரண்டு வெள்ளைப் பூவைப் பற்றிச் சொல்லவில்லை, தாங்களும் இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம்; பட்டியல் மட்டும் போதும்.

நான்காம் பாகத்தை மட்டும் இப்போதைக்கு எந்த இடத்திலும் உறுதி செய்ய வேண்டாம். அம்மாவுடன் நான் பேசிக்கொண்டிருந்தபோது சமையலறை சன்னலுக்கு வெளியே அத்தை நின்றிருக்கிறார். இப்போது கையில் கூடையோடு நந்தியாவட்டைச் செடியடியில் இருக்கிறார்.