ஓட்டை எந்தப் பக்கம்?

ஓட்டை வலது பக்கம் இருந்தது. இருக்கக் கூடாது.

அருள்மொழி மண்கட்டியை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பும் சிவப்பும் குழைந்து சுழித்த கோடுகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வலது பக்கமேதான்.

கணினியில் அதே ஓட்டை இடது பக்கம்.

இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டினாற்போல் வைத்து, சுழலும் ஊசியை நடுவில் இறக்கி நகர்த்தினால், உலோகம் உருகாமலேயே இளகிக் கலந்து ஒன்றாகிவிடும். அப்போது அது எப்படி ஓடுகிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய இரண்டு வருட ஆராய்ச்சி. நேற்றுதான் வழிகாட்டி புருஷோத்தமன் சார் போனில் ஒன்று கேட்டார்.

“ரெண்டு கலர் மண்ணை அதே மாதிரி கிண்டி, அறுத்து, ஒரு போட்டோ சேர்த்துடும்மா. அப்புறம் கம்ப்யூட்டர் கணக்கைப் பத்தி யாரும் வாய் திறக்க மாட்டாங்க.”

கறுப்புக் களிமண்ணுக்கு அம்மா வேலை பார்க்கும் உப்பளம் இருந்தது. செம்மண் கிளியனூரிலிருந்து வந்தது. கிண்டுவதற்குப் பக்கத்து வீட்டு பம்புசெட் மெக்கானிக் அந்தோணிராஜிடம் டிரில்லிங் மெஷின் இரவல். எல்லாம் வந்தும் இப்படி.

ஐந்து மணிக்குள் ஆய்வேடு சார் வழியாக யுனிவர்சிட்டிக்குப் போக வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம். சென்னைக் கம்பெனி அதுவரை வேலையைக் காலியாக வைத்திருக்காது. மணி இரண்டரை.

“இன்னொரு வாட்டி கிண்டிப் பாரு,” என்றாள் அம்மா பொன்னி.

கிண்டினாள். வலது. மறுபடியும் கிண்டினாள். வலது.

“அப்ப கம்ப்யூட்டர்தான் தப்பா சொல்லுது. மண்ணுக்கு இன்னாடி வந்தது, பொய் சொல்ல?”

“சும்மா இரும்மா!”

அவளும் சும்மா இருந்திருக்கலாம். கணினியில் உராய்வைக் கூட்டி ஓட்டினாள். இருபது நிமிடம். ஓட்டை நகரவில்லை, பெருத்தது. சூட்டைக் கூட்டினாள். இன்னொரு இருபது நிமிடம். உருகவே கூடாத அலுமினியம் திரை முழுக்கச் சிவப்பாக வழிந்தது.

“உருகாதுன்னு சொன்ன? கஞ்சி மாதிரி ஊத்துது!”

“அம்மா, உனக்கு வேற வேல இல்லியா?”

“உப்பு வார்றதை வுட்டுட்டு உனக்கு மண்ணு கொழைச்சிக்கினு இருக்கேன். கேக்குறா பாரு!”

கடைசியில், மனசே இல்லாமல், ஊசி சுழலும் திசைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டாள். ஓட்டினாள். ஓட்டை வலது பக்கம் வந்து உட்கார்ந்தது, அச்சு அசல் மண்ணில் இருப்பதைப் போல.

“வந்துடுச்சி!” அம்மா கை தட்டினாள்.

அருள்மொழி கை தட்டவில்லை. அப்படியானால் இதுவரை போட்ட குறி தவறு. அதை வைத்து எழுதிய மூன்று அத்தியாயங்களும் தவறு. அதைவிட மோசம், அந்தக் குறியை அவள் எடுத்ததே சாருடைய பழைய கட்டுரையிலிருந்துதான்.

எல்லாவற்றையும் திருத்தினாள். நாலே முக்காலுக்கு ஆய்வேட்டோடு சாருக்கு மெயில் போனது. ‘தங்கள் கட்டுரையிலும் இதே பிழை இருப்பதைப் பணிவுடன் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளேன்.’

இரண்டாவது நிமிடம் போன் அடித்தது.

“அருள்மொழி, நல்லா பார்த்தியா?”

“மூணு வாட்டி கிண்டிட்டேன் சார். மூணு வாட்டியும் வலதுதான்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது மீண்டும் அழைத்தார்.

“உன்னோடத யுனிவர்சிட்டிக்கு அனுப்பிட்டேன்மா. என் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறேன்னு பத்திரிகைக்கும் எழுதிட்டேன். எட்டு வருஷமா எவனும் கண்டுபிடிக்கலை. நீ தைரியசாலி.”

அருள்மொழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அம்மா அவள் வாயில் சர்க்கரையைப் போட்டாள்.

வாசலில் அந்தோணிராஜ் செருப்பைக் கழற்றினார்.

“மெஷின் வேலை முடிஞ்சுதாம்மா? எதனா பழைய ஸ்க்ரூ கழட்டத்தான் நீ கேக்குறேன்னு நெனச்சி, ரிவர்ஸ்ல போட்டுக் குடுத்திருந்தேன்.”