சஹனில் அலைந்த கறித்துண்டு

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் நோன்பு புடிக்கிறது ஹராம்லா?" என்று திரைக்கு அப்பாலிருந்து சம்பந்தியம்மா ருகையா கேட்ட பிறகுதான், நோன்பு என்று தாம் சொன்ன பொய்யின் லட்சணம் இப்ராஹீமுக்குத் தெரிந்தது.

"மறந்துட்டேம்மா," என்றார், உதட்டைப் பிரிக்காமலே.

பிரித்தால் ஆபத்து. முந்தாநாள்தான் தூத்துக்குடியில் டாக்டர் ஜெனிலா, அவருடைய அண்ணத்திலிருந்து சதையெடுத்து, முன்பல் விழுந்து தேய்ந்துபோன ஈறில் வைத்துத் தைத்திருந்தார். ஈறு தடித்தால்தான் புதுப்பல் ஊன்ற முடியும்.

"ஆறின கஞ்சிதான் அண்ணாச்சி. மெல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. தையல் பிரிஞ்சா புதுப்பல்ல மறந்துருங்க."

அடுத்த வருஷம் மகள் ருமைஸாவின் நிக்காஹில் வாய்விட்டுச் சிரித்தே தீருவது என்று மனுஷர் கங்கணம் கட்டியிருந்தார். பொக்கைவாயன் என்று சம்பந்தி வீட்டில் பேர் வாங்கவா? யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று நாள் குறிக்கக் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. நெய்ச்சோறும் களறிக் கறியும் குவித்த ஒரே சஹன் தட்டில், மாப்பிள்ளை முஜாஹிதின் வாப்பா மொகுதூமும் அவரும் கைவைத்துச் சாப்பிட வேண்டும். தனித்தட்டென்றால் ஒளித்துவிடலாம். இதில் எங்கே ஒளிப்பது?

நல்ல கறித்துண்டாகப் பார்த்து எதிர்ப்பக்கம் தள்ளினார். "நீங்க சாப்புடுங்கோ."

மொகுதூம் பேசவில்லை. முகம் இறுகியிருந்தது. துண்டைத் திருப்பித் தள்ளினார்.

இப்ராஹீம் ஒரு நெஞ்செலும்பையும் சேர்த்து அனுப்பினார். அது ஈரலோடு திரும்பி வந்தது. இப்படியே போனால் விடிந்துவிடும்.

"வயிறு சரியில்ல," என்று முனகினார்.

அதுவும் வினையாயிற்று. ஆவி பறக்கச் சுக்குத்தண்ணி வந்தது. சூடு ஆகவே ஆகாதே. "மொதல்ல நீங்க," என்று அதையும் சம்பந்தியிடம் நீட்டினார். மொகுதூம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க வூட்டுச் சாப்பாடே உங்களுக்கு எறங்கலியே, சம்பந்தம் எப்படிச் சரிப்படும்?" என்றார் ருகையா.

ருமைஸாவைவிடப் பல்லா பெரிது? போனால் போகட்டும். இப்ராஹீம் பிஸ்மி சொல்லிக் கறித்துண்டை வாய்க்குக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து, முஜாஹிதின் கடைக்குட்டித் தங்கை ஸஹ்லா ஒரு கிண்ணம் ஆறின கஞ்சியைக் கொண்டுவந்து மொகுதூமின் முன்னால் வைத்தாள்.

"சம்பந்தி மாமாவுக்குத் தெரிஞ்சா தெரியட்டும் வாப்பா, ஜெனிலா டாக்டர் போட்ட தையல் பிரிஞ்சா, முஜாஹித் காக்கா நிக்காஹுல நீங்க எப்படிச் சிரிப்பீங்க?"