அட்டையில் மட்டும் என் பெயர்

ஹாலந்துக்குப் போவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு. படுத்தபடியே எடுத்தேன். பெரிய முடிவுகளை நான் எழுந்து நின்று எடுப்பதில்லை.

பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. மலர் விவசாயிகளுக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா. பன்னிரண்டு நாள். கண்ணாடிக் குடில்கள், பூ ஏலம், கம்ப்யூட்டரே தண்ணீர் பாய்ச்சும் தோட்டங்கள். நீலகிரியிலிருந்து ஒரே ஒருவர். ஊட்டிக்குப் பக்கத்தில், எமரால்டில், எங்களுக்குப் பாலிதீன் கூரை போட்ட ஒரு பாலிஹவுஸ் இருக்கிறது. அதற்குள் கார்னேஷன் பூக்கிறது. ஆகவே நான் மலர் விவசாயி. இதில் யாரும் குறை காண முடியாது. நாற்பத்தெட்டு வயதில் நான் பார்த்த ஒரே வெளிநாடு, கேரள எல்லையில் இருக்கும் நாடுகாணி. அங்கே நாலு பேர் மலையாளம் பேசினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனைதான் இடித்தது. ஒரு வருடம் விடாமல் எழுதிய பாலிஹவுஸ் பதிவேட்டையும் அனுப்ப வேண்டும். தினசரி வெப்பம், ஈரப்பதம், தண்ணீர், மருந்து. அப்படி ஒரு நோட்டு எங்கள் வீட்டில் உண்டு. எழுதுவது என் மனைவி பியாட்ரிஸ். ஆனால் அவளுக்கு எதற்கு ஹாலந்து? குன்னூர் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவள். நானே அவளுக்காகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் கணவனுக்கு அழகு.

விளம்பரத்தை வெட்டிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன். நோட்டின் அட்டையைக் கிழித்தேன். புது அட்டை போட்டு, 'அ. சில்வஸ்டர், முன்னோடி விவசாயி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். உள்ளே படிக்காமலே விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன். எல்லாம் எண்கள்தானே?

"ஏனுங்க, நோட்டக் காணோமுங்க" என்றாள் பியாட்ரிஸ்.

"அட்ட கிழிஞ்சு போச்சு. புதுசாப் போட்டுத் தாரேன்."

"நீங்களா?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

"போடுங்க, போடுங்க. பதினேழு வருசத்துல மொத வேல. நான் தடுக்க மாட்டேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வேறு நோட்டில் எழுதத் தொடங்கினாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தோட்டக்கலை அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அன்று பியாட்ரிஸ் வீட்டில் இருக்கக்கூடாது.

"கோயில்ல பீடத்துக்குப் பூ வெக்கோணும்னு சொன்னியே, போயிட்டு வா."

"தவக்காலத்துல பீடத்துக்குப் பூ வெக்க மாட்டாங்க. தெரியாதுங்களா?"

தெரியாது. கோயிலுக்குப் போனால்தானே தெரியும்.

"சரி, சிலுவைப் பாதைக்காச்சும் போ."

"அது வெள்ளிக்கெழமைங்க. இன்னிக்கு வியாழன். என்ன, திடீர்னு என் ஆத்துமா மேல இவ்வளவு அக்கற?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதிகாரி பாலசுப்பிரமணியம் நல்ல மனிதர். முன்னறையில் உட்கார்ந்து, நான் அனுப்பியிருந்த நோட்டைப் பிரித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்குதுங்களே!"

"பழக்கமுங்க."

வாய்விட்டுப் படித்தார். "'டிசம்பர் ஒன்பது. காலை வெப்பம் ஆறு. பக்கத் திரையை மூடினேன். அவர் தூங்குகிறார்.'" நிமிர்ந்தார். "அவருன்னா யாருங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்களுக்குப் பக்கத்தில் இப்படியெல்லாமா எழுதுவாள் ஒருத்தி?

"என் மச்சானுங்க. ஹெர்பர்ட்டு" என்றேன். பியாட்ரிசுக்குக் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். நாலும் அக்கா.

"உங்க கூடவே இருக்கறாருங்களா?"

"என்னங்க பண்றது."

"'மே இருபத்திரண்டு. சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டேன். அவரை உதவிக்குக் கூப்பிட்டேன். காப்பி கேட்டார்.'"

"அவன் அப்படித்தானுங்க."

"'ஜூலை மூன்று. மருந்து அடித்தேன். கார்னேஷன் வளர்ப்பது எப்படி என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததாக ஆயம்மாள் சொன்னாள்.' ஆயம்மாள்?"

"எங்க பூ பறிக்கற ஆளுங்க. பொய் சொல்ல மாட்டா."

"இப்படியொரு ஆள ஊட்டுல வெச்சுக்கிட்டு எப்படிங்க பொறுத்துப் போறீங்க?"

"ஆண்டவர் குடுத்த பொறுமைங்க."

அவர் படிக்கப் படிக்க எனக்கே ஹெர்பர்ட் மேல் கோபம் வந்தது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு தூக்கம் ஆகாது.

"'நவம்பர் பதினேழு. சேலைத் தலைப்பு ஏணியில் மாட்டிக் கிழிந்தது.'" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சேலைங்களா?"

"எமரால்டு குளிருங்க. ஊட்டுக்காரி சேலையப் போத்திக்கிட்டுத்தான் வேல செய்வேன்."

அவரும் ஊட்டிக்காரர். குளிர் என்றால் எதையும் நம்புவார். தலையை ஆட்டினார்.

அப்போது பியாட்ரிஸ் டீயோடு வந்தாள்.

"உங்க அண்ணன் ஹெர்பர்ட்டு எங்கீங்கம்மா?" என்றார் அதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். அதற்குள் எனக்குப் பத்துக் கட்டளைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"இங்கதானுங்க, கண்ணு முன்னால எங்கயாச்சும் இருப்பாரு. ஒண்ணுக்கும் ஆகாத ஆளு. அதுக்காவத் தொரத்தவா முடியும்? சோறு போட்டுத்தான ஆகோணும்?"

என்ன மனைவி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை விட்டுவிட்டா ஹாலந்து போவது என்று ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது. ஒரு கணம்தான்.

"சார், நோட்ட மட்டும் பாத்தா எப்படிங்க?" என்றாள் அவள். "இவரு வேலையையும் பாத்துட்டுப் போங்க. மொக்குக் கிள்ளறதுல இவர மிஞ்ச ஆளில்லீங்க."

மூவரும் பாலிஹவுசுக்குள் போனோம். கார்னேஷன் தண்டின் உச்சியில் ஒரு பெரிய மொக்கு இருக்கும். அதற்குக் கீழே பக்கவாட்டில் சின்னச் சின்ன மொக்குகள். எதையோ கிள்ள வேண்டும் என்பது வரை எனக்குத் தெரியும். சின்னஞ்சிறுசுகளைக் கிள்ள மனம் வரவில்லை. பெரியதாகப் பார்த்து, கை நடுங்காமல், மூன்று செடிகளில் கிள்ளிப் போட்டேன். நாலாவதற்குக் கையை நீட்டியபோது அதிகாரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க சில்வஸ்டர். பக்க மொக்கத்தான் கிள்ளோணும். அப்பத்தான் உச்சி மொக்கு பெரிய பூவா வரும். நீங்க பூவையே கிள்ளிப் போட்டீங்க." கையிலிருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். "நெசத்தச் சொல்லுங்க. இந்த நோட்ட எழுதுனது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பியாட்ரிஸ் பேசினாள். "உங்க லிஸ்ட்டுல எமரால்டுன்னு இன்னொரு பேரு இருக்கும், பாருங்க சார்."

அவர் கோப்பைப் புரட்டினார். "எல். பியாட்ரிஸ், எமரால்டு. பதிவேடு இணைக்கப்படவில்லைன்னு போட்டிருக்குது."

"எங்கிருந்துங்க இணைக்கறது? அதத்தான் இவரு பேருல நீங்க இம்புட்டு நேரம் படிச்சீங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உனக்கு... எப்படித் தெரியும்?"

"வெளம்பரத்த வெட்டிச் சட்டைப் பையில வெச்சிருந்தீங்க. சட்டையத் தொவைக்கறது யாரு, ஹெர்பர்ட்டுங்களா?"

பாலசுப்பிரமணியம் இருமினார். சிரிப்பை அடக்குகிறவர்கள் இருமும் இருமல் அது.

"பாஸ்போர்ட் இருக்குதுங்களாம்மா?"

"போன வாரம் வந்துருச்சுங்க."

என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் போலீஸ் விசாரணையே வரவில்லை. அவர் அங்கேயே, உரமூட்டை மேல் கோப்பை வைத்து, அவள் பெயருக்கு நேரே டிக் அடித்தார். ஹாலந்து என் கண்ணெதிரே கைமாறியது. வலித்தது. மறைப்பானேன், நன்றாகவே வலித்தது.

"கடைசியா ஒரு கேள்விங்க" என்றார். "நீங்க இல்லாத பன்னண்டு நாளும் செடிகள யாரு பாத்துக்குவாங்க?"

தோற்றாலும் ஆண்மகன் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஓர் அடி முன்னால் வந்தேன். நெஞ்சில் கை வைத்தேன்.

"நான் இருக்கறேனுங்க. பியாட்ரிசு, நீ நிம்மதியாப் போயிட்டு வா."

"ஆயம்மாகிட்டச் சாவியக் குடுத்தாச்சுங்க சார்" என்றாள் பியாட்ரிஸ். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இவர உள்ள உடக்கூடாதுன்னும் சொல்லியாச்சு."

அதிகாரி, 'பராமரிப்பு ஏற்பாடு: மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.